அமிலத்தின் அடுக்கு

இரண்டு குடுவைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் லிட்டருக்கு 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மற்றதில் அதே செறிவில் அசிட்டிக் அமிலம்; வினிகருக்குப் புளிப்பைத் தருவது இதுதான். இரண்டிலிருந்தும் 10 மில்லிலிட்டர் பிப்பெட்டில் எடுத்து, பியூரெட்டிலிருந்து அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஃபினால்ப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும்போது இரண்டுக்கும் செலவாகியிருப்பது 10 மில்லிலிட்டர்தான். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் தரம்பார்த்தல் செய்த எவருக்கும் இந்தக் கணக்கு பழக்கமானது. இதன்படி இரண்டு குடுவைகளிலும் இருப்பது ஒரே அளவு அமிலம்.

இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டு மெக்னீசியம் நாடாவைப் போடுங்கள். முதல் குடுவை பொங்கிச் சீறுகிறது. இரண்டாவதில் குமிழ்கள் நிதானமாக ஏறுகின்றன. அமிலம் ஒரே அளவுதான் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

விடையை 1880களில் சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் கொடுத்தார். அமிலம் நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிகிறது. நாக்கில் புளிப்பதும் உலோகத்தை அரிப்பதும் லிட்மஸைச் சிவப்பாக்குவதும் அப்படிப் பிரிந்து வந்த ஹைட்ரஜன் அயனியின் வேலை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ முழுவதும் பிரிந்துவிடுகிறது. அசிட்டிக் அமிலத்தில், நாம் எடுத்த செறிவில், 100 மூலக்கூறுகளுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் பிரிந்த நிலையில் இருக்கும். காரத்தைச் சேர்க்கச் சேர்க்கப் பிரிந்தவை தீர்கின்றன. அந்த இடத்தை நிரப்ப மேலும் மேலும் மூலக்கூறுகள் பிரிந்து வருகின்றன. அதனால்தான் தரம்பார்த்தலில் இரண்டும் சமமாகத் தெரிகின்றன. களஞ்சியத்தில் கிடக்கும் நெல் வேறு, இந்த நேரத்தில் உலையில் வேகும் அரிசி வேறு. தரம்பார்த்தல் களஞ்சியத்தை அளக்கிறது. மெக்னீசியத்துக்குத் தெரிவதோ உலையில் இருப்பது மட்டும்.

மொத்த அமிலத்துக்கும் உலவும் அயனிக்கும் உள்ள இந்த வேறுபாடு பெரும் தொல்லையாக முளைத்த இடங்களில் ஒன்று, கோபன்ஹேகனின் ஒரு பீர் ஆலை. கார்ல்ஸ்பெர்க் ஆலையின் உரிமையாளர் ஜே. சி. யாகோப்சன் 1875இல் அங்கே ஓர் ஆய்வகத்தை நிறுவினார். மால்ட் ஆக்குவதற்கும் நொதிக்கவைப்பதற்கும் அறிவியல் அடிப்படை தேடுவது அதன் பணி. அங்கே கிடைக்கும் முக்கியமான முடிவு எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதன் விதிகளிலேயே எழுதியிருந்தார்கள். தொழிற்போட்டிக்கு நடுவே ஓர் ஆலை முதலாளி இப்படி ஒரு விதியை ஏற்படுத்தியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அதன் பலனை நாமெல்லாம் அனுபவிக்கிறோம்: பாலிலும் தானியத்திலும் புரதத்தைக் கணக்கிட இன்றும் பயன்படும் கெல்டால் முறை 1883இல் அந்த ஆய்வகத்தில் பிறந்தது. யோஹான் கெல்டால் 1900இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வேதியியல் பிரிவின் தலைமைக்கு வந்தவர் சோரன் பீட்டர் லாரிட்ஸ் சோரன்சன்.

சோரன்சன் நொதிகளை ஆராய்ந்தார். சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ், இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின். அமிலம் கூடினாலும் குறைந்தாலும் நொதியின் வேகம் மாறும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனால் எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்று குறித்துவைத்தால் அந்த மாற்றத்தில் ஒழுங்கு பிடிபடாது. நொதிக் கரைசலில் புரதங்கள் இருக்கின்றன, பாஸ்பேட்டுகள் இருக்கின்றன. ஊற்றிய அமிலத்தில் ஒரு பங்கை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு பங்கு என்பது கரைசலுக்குக் கரைசல் மாறும். எனவே ஊற்றியதை எழுதிப் பயனில்லை. ஊற்றிய பிறகு கரைசலில் உலவும் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்பதை அளந்து எழுத வேண்டும். 1909இல் வெளியான நீண்ட கட்டுரையில் சோரன்சன் இதை அசைக்க முடியாதபடி நிறுவினார். அவருடைய மனைவி மார்கிரெட்டெ ஹோய்ருப் சோரன்சனும் ஆய்வுகளில் உடன் உழைத்தவர்.

அளந்தாயிற்று. எழுதுவது எப்படி? எலுமிச்சைச் சாற்றில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.01 மோல். 25 டிகிரி செல்சியஸில் தூய நீரில் அது 0.0000001 மோல். சலவைச் சோடாக் கரைசலில் 0.00000000001 என்ற அளவுக்கு இறங்கிவிடும். இவற்றை ஒரே வரைபடத்தில் குறிக்க முயன்று பாருங்கள். எலுமிச்சையின் 0.01ஐ அச்சின் தொடக்கத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் குறித்தால், தூய நீருக்கான புள்ளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குத் தொலைவில் விழும். உயிருள்ள செல்லில் நடப்பதெல்லாம் பென்சில் முனையின் தடிப்புக்குள் மறைந்துபோகும்.

சோரன்சன் செய்தது மிக எளிமையானது. 0.0000001 என்பதை 10⁻⁷ என்று எழுதலாம். பத்து எப்போதும் இருக்கப்போகிறது, கழித்தல் குறியும் ஏறக்குறைய எப்போதும் இருக்கப்போகிறது. இரண்டையும் விட்டுவிட்டு 7ஐ மட்டும் எழுதினால் போதும். அந்த எண்ணுக்கு ஹைட்ரஜன் அயனி அடுக்கு என்று பெயர் வைத்தார். அதற்கு அவர் இட்ட குறியீடுதான் பின்னர் நாம் அறிந்த பிஎச் ஆனது.

செறிவு சரியாகப் பத்தின் முழு அடுக்காக இருந்தால் பூச்சியங்களை எண்ணினாலே போதும். இல்லாவிட்டால்தான் மடக்கை வேண்டும். ஓர் எண்ணைப் பெறப் பத்தை எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டுமோ அதுவே அந்த எண்ணின் மடக்கை. ஜான் நேப்பியர் 1614இல் ஸ்காட்லாந்திலிருந்து முதல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். மறு ஆண்டு எடின்பரோவுக்குப் பயணம் செய்து அவரைச் சந்தித்த ஹென்றி பிரிக்ஸ் பத்தை அடிமானமாகக் கொண்ட வடிவத்தை வளர்த்தார். அவர்கள் மனத்தில் இருந்தது வானியலாளர்களின் பெருக்கல் சுமை. வேதியியல் அவர்கள் கணக்கில் இல்லை.

ஆக:

பிஎச் = − மடக்கை (ஹைட்ரஜன் அயனிச் செறிவு)

ஒரு கரைசலில் செறிவு 4.0 × 10⁻⁸ மோல் என்று வைத்துக்கொள்வோம். 4இன் மடக்கை 0.6021. 10⁻⁸இன் மடக்கை −8. கூட்டினால் −7.3979. குறியை மாற்றினால் பிஎச் 7.40. மடக்கை அட்டவணையோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்கு இதில் ஓர் இளைப்பாறல் உண்டு. அவர்கள் இதே மடக்கையை எட்டின் தலைமேல் கோடு போட்டு ‘8 பார் 6021’ என்று எழுதுவார்கள். கோட்டுக்குக் கீழே உள்ளது குறை எண், புள்ளிக்குப் பின்னால் உள்ளது மிகை எண் என்று நினைவில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பதற்குள் வியர்த்துவிடும். சோரன்சனின் கழித்தல் குறி அந்தத் தொல்லையை ஒரே அடியில் நீக்கிவிட்டது.

இந்தச் சிறு கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. விடையின் முழு எண் பகுதி செறிவு எத்தனையாவது தசம இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. செறிவின் இலக்கங்கள், அதாவது அந்த 4.0, புள்ளிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே 7.40 என்ற எண்ணில் நம்பகமான இலக்கங்கள் மூன்று இல்லை, இரண்டுதான். கடைசிச் சுழியை அலங்காரம் என்று நினைத்து 7.4 என்று எழுதிவிட்டால் அளவீட்டின் துல்லியத்தில் பாதியைத் தூக்கி எறிந்ததாகிவிடும். ஆய்வகக் குறிப்பேடுகளில் இது நாள்தோறும் நடக்கிறது.

திரும்பி வரும் வழியும் அவ்வளவுதான். பிஎச் 7.25 என்றால் செறிவு 10⁻⁷·²⁵. இதை 10⁻⁸ × 10⁰·⁷⁵ என்று பிரிக்கலாம். எந்த எண்ணின் மடக்கை 0.75? அட்டவணை 5.62 என்கிறது. எனவே, நம்பகமான இரண்டு இலக்கங்களோடு, செறிவு 5.6 × 10⁻⁸. அட்டவணை கையில் இல்லாதபோது மூன்று மதிப்புகள் மனப்பாடமாக இருந்தால் போதும்: 2இன் மடக்கை 0.30, 3இன் மடக்கை 0.48, 7இன் மடக்கை 0.85. மற்றவற்றைக் கூட்டியும் கழித்தும் பெற்றுவிடலாம். 5 என்பது 10ஐ 2ஆல் வகுத்தது. ஆக அதன் மடக்கை 1 − 0.30, அதாவது 0.70.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன: நீளமான எண்களைச் சுருக்கி எழுத ஒரு வசதி, அதற்காக மடக்கை. இந்த விளக்கம் பாதிதான் என்பது என் எண்ணம். மடக்கையை சோரன்சன் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. அவருடைய கருவியே மடக்கையில்தான் பேசியது.

அந்தக் கருவி ஹைட்ரஜன் மின்முனை. கருநிறப் பிளாட்டினம் படிந்த தகடு ஒன்று கரைசலில் அமிழ்ந்திருக்கும். அதன்மேல் ஹைட்ரஜன் வளிமம் குமிழ்ந்துகொண்டிருக்கும். இன்னொரு பக்கம், மாறாத மின்னழுத்தம் தரும் கலோமல் மின்முனை. இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தம் கரைசலின் ஹைட்ரஜன் அயனியைப் பொறுத்து மாறும். எப்படி மாறும் என்பதை 1889இல் வால்தர் நெர்ன்ஸ்ட் சொல்லியிருந்தார்: செறிவின் மடக்கைக்கு ஏற்ப. செறிவு பத்து மடங்கு குறைந்தால் மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவு நகரும். இன்னும் பத்து மடங்கு குறைந்தால் அதே அளவு இன்னொரு முறை நகரும். 25 டிகிரியில் அந்த அளவு 59 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல்.

ஏன் மடக்கை? ஒரு வளிமத்தை வெப்பநிலை மாறாமல் மெதுவாக 10 லிட்டரிலிருந்து 1 லிட்டருக்கு அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வளிமத்தை 1 லிட்டரிலிருந்து 0.1 லிட்டருக்கு அழுத்துங்கள். இரண்டு வேலைக்கும் செலவாகும் ஆற்றல் ஒன்றே. முதலில் குறைந்தது 9 லிட்டர், இரண்டாவது முறை குறைந்தது 0.9 லிட்டர் என்பதை ஆற்றல் பொருட்படுத்துவதில்லை. எத்தனை மடங்கு என்பது மட்டுமே கணக்கு. கரைசலில் திரியும் அயனிகளுக்கும் இதுவே விதி. மடங்குகளைச் சமமான படிகளாக மாற்றித் தரும் சார்புக்குத்தான் மடக்கை என்று பெயர். ஆகவே மின்முனையின் வோல்ட் கணக்கில் மடக்கை தானாகவே வந்து நிற்கிறது.

சோரன்சன் 18 டிகிரியில், 0.1 நார்மல் கலோமல் மின்முனையோடு வேலை செய்தார். அவருடைய அளவீடுகளில் மின்னழுத்தம் 0.3377 வோல்ட்டோடு, பிஎச்சின் 0.0577 மடங்கைக் கூட்டினால் வருவது. கருவி 0.7400 வோல்ட் காட்டினால், 0.3377ஐக் கழித்து 0.0577ஆல் வகுத்தால் போதும்: 6.97. கழித்தலும் வகுத்தலும் மட்டுமே உள்ள நேர்கோட்டுக் கணக்கு. இதைச் செறிவாக எழுத வேண்டுமென்றால்தான் கூடுதல் உழைப்பு. பிஎச் என்பது மின்முனை தந்த எண்ணை ஏறக்குறைய அப்படியே எழுதிவைப்பது.

அதே கட்டுரையில் அவர் இன்னொரு வழியையும் தந்தார். பிஎச் மாறாமல் தாக்குப்பிடிக்கும் தாங்கல் கரைசல்களின் பட்டியல் ஒன்று. எந்த நிறங்காட்டி எந்த எல்லைக்குள் நிறம் மாறும் என்ற தேர்வு இன்னொன்று. பிளாட்டினமும் ஹைட்ரஜனும் இல்லாத எளிய ஆய்வகமும் நிறத்தை ஒப்பிட்டே பிஎச் அறிய முடிந்தது. இந்த அளவுகோல் உலகம் முழுவதும் பரவியதற்கு, குறியீட்டின் அழகைவிட இந்த நடைமுறை உதவி பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மடக்கை தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் அந்த எண்ணைப் படிக்கிறவருக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. பிஎச்சில் கழித்தல் என்பது உண்மையில் வகுத்தல். பசும்பாலின் பிஎச் ஏறத்தாழ 6.7. உறை ஊற்றிய பால் தயிராகக் கட்டும்போது 4.6க்கு அருகே வந்திருக்கும். வேறுபாடு 2.1. கேட்பதற்குச் சிறிது. 10²·¹ என்று கணக்கிட்டால் 126. ஓர் இரவில் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் அயனியை நூறு மடங்குக்கு மேல் பெருக்கியிருக்கின்றன.

கடலின் கதையும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் சராசரி பிஎச் ஏறத்தாழ 8.2, காற்றில் நாம் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு கரைந்து இப்போது 8.1க்கு அருகில் இருக்கிறது. வெறும் 0.1தானே என்று தோன்றும். 10⁰·¹ என்பது 1.26. ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. பவளங்களும் சிப்பிகளும் சுண்ணாம்பு ஓடு கட்டும் நீரில் நடந்திருக்கும் மாற்றம் இது. செய்தி எழுதுகிறவர்கள் 0.1 என்பதோடு நிறுத்திக்கொண்டால் வாசகர் ஏமாற்றப்படுகிறார். மடங்கையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

நாகப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளில் காலையும் மாலையும் குளத்து நீரின் பிஎச் பார்ப்பது வழக்கம். பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பிற்பகலில் பிஎச் ஏறும். இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்து அதைத் திரும்ப விடுவதால் விடியலில் இறங்கும். இந்த ஏற்றத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பதை மடக்கை சொல்லிவிடும். எஞ்சிய தீவனமும் கழிவும் மட்கி அம்மோனியா உண்டாகிறது. அதில் அயனியாக மாறாத பகுதிதான் கடும் நஞ்சு. 25 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் அந்தப் பகுதி பிஎச் 8இல் ஏறத்தாழ 5 விழுக்காடு. பிஎச் 9இல் 36 விழுக்காடு. கழிவு ஒரு துளியும் கூடவில்லை, மொத்த அம்மோனியா அப்படியே இருக்கிறது, நஞ்சு மட்டும் ஏழு மடங்கு.

மடங்குகளை மறந்தால் சராசரியும் ஏமாற்றும். பிஎச் 3 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பிஎச் 5 உள்ளதையும் சம அளவு கலந்தால் பிஎச் 4 வரும் என்று மனம் சொல்லும். முதலாவதில் 0.001 மோல், இரண்டாவதில் 0.00001 மோல். கூட்டிப் பாதியாக்கினால் 0.000505. மடக்கை எடுத்தால் பிஎச் 3.30. இரண்டாவது கரைசல் ஏறக்குறைய வெறும் நீரைப் போலத்தான் நடந்துகொண்டது. தாங்கல் கரைசல்களைக் கலக்கும்போது இந்த எளிய கணக்கும் செல்லாது. அங்கே களஞ்சியமும் கணக்கில் வரும்.

கால்குலேட்டரின் பொத்தானை மட்டும் நம்பினால் விழும் குழி இன்னொன்று. லிட்டருக்கு 10⁻⁸ மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன? சூத்திரம் 8 என்கிறது. அமிலத்தைச் சேர்த்து நீர் காரமாகுமா? ஆகாது. நீரும் தன் பங்குக்கு ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது; அது இந்த அமிலம் தருவதைவிட அதிகம். நீரின் அயனிப் பெருக்கம் 10⁻¹⁴ என்பதையும் சேர்த்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் விடை 6.98. நடுநிலைக்கு ஒரு மயிரிழை கீழே.

அந்த நடுநிலையும் கல்லில் பொறித்தது இல்லை. 7 என்பது 25 டிகிரிக்கு உரியது. சூடேறினால் நீர் கூடுதலாகப் பிரியும். நம் உடலின் 37 டிகிரியில் நடுநிலை 6.8. அளவுகோலின் இரு முனைகளான 0உம் 14உம்கூட வேலிகள் இல்லை. கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் கசியும் நீரில் −3.6 வரை அளந்திருக்கிறார்கள். அத்தனை அடர்ந்த கரைசலில் செறிவு என்ற சொல்லே போதாது; அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் எத்தனை இருக்கின்றன என்பதைவிட எத்தனை வீரியத்தோடு செயல்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 1924இல் சோரன்சனும் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் செறிவின் இடத்தில் இந்தச் செயல்திறனை வைத்தார்கள். இன்றைய வரையறை அதுதான்.

முதலில் பார்த்த அசிட்டிக் அமிலத்துக்கு வருவோம். அதன் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. 0.1 மோல் கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பெற, மாறிலியைச் செறிவால் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். மடக்கை உலகில் பெருக்கல் கூட்டலாகிறது, வர்க்கமூலம் பாதியாகிறது. மாறிலிக்கும் சோரன்சன் வழியில் கழித்தல் மடக்கை எடுத்தால் 4.74, இதைப் பிகே என்பார்கள். பிறகு:

பிஎச் = ½ (பிகே − மடக்கை செறிவு) = ½ (4.74 + 1) = 2.87

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 1. தரம்பார்த்தல் சமம் என்று சொன்ன இரண்டு குடுவைகளுக்கும் இடையே 1.87 அலகு, அதாவது 74 மடங்கு. மெக்னீசியம் நாடா சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஹைட்ரஜன் மின்முனை பொறுமையைச் சோதிக்கும் கருவி. மெல்லிய கண்ணாடிக் குமிழையே மின்முனையாக்கலாம் என்பதை ஃபிரிட்ஸ் ஹாபரும் சிக்மண்ட் க்ளெமென்சிவிச்சும் சோரன்சன் எழுதிய அதே 1909இல் காட்டினார்கள். ஆனால் கண்ணாடியின் மின்தடை மிக அதிகம். அதன் வழியே வரும் நுண்ணிய மின்னோட்டத்தைச் சாதாரணக் கருவிகளால் உணர முடியவில்லை. 1934இல் கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்கத் திணறிய பழைய வகுப்புத் தோழர் ஒருவருக்காக ஆர்னால்ட் பெக்மன் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியைச் சேர்த்து ஒரு பெட்டிக்குள் அடக்கினார். பிஎச் மீட்டர் பிறந்தது. இன்றும் அதன் உள்ளே நடப்பது மில்லிவோல்ட்டை 59ஆல் வகுக்கும் வேலைதான்.

மடக்கை உயிர் காத்த கதைக்கு மறுபடியும் கோபன்ஹேகன் செல்ல வேண்டும். இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கிறது. அதை நிறுத்தி வைப்பதில் முதன்மையான இணை பைகார்பனேட்டும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும். இவற்றின் சமநிலையை 1908இல் ஹார்வர்டின் லாரன்ஸ் ஹென்டர்சன் எழுதினார். கோபன்ஹேகனின் கார்ல் ஹாசல்பால்க் 1916இல் அதற்கு மடக்கை எடுத்தார்:

பிஎச் = 6.1 + மடக்கை (பைகார்பனேட் ÷ கரைந்த கார்பன் டை ஆக்சைடு)

உடல்நலமுள்ளவர் இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம், அதை 0.03ஆல் பெருக்கினால் கரைந்திருப்பது 1.2 மில்லிமோல். விகிதம் 20. மடக்கை 1.30. பிஎச் 7.40. இரண்டும் சேர்ந்து இரட்டிப்பானாலும் பிஎச் நகராது. விகிதம் மாறினால்தான் நகரும்.

1952 கோடையில் கோபன்ஹேகனைப் போலியோ தாக்கியது. சுவாசத் தசைகள் செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள். இயந்திர உதவியில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்களுடைய இரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகம் என்று ஆய்வகம் சொன்னது. அந்த மொத்தத்தில் பெரும்பங்கு எப்போதும் பைகார்பனேட், பைகார்பனேட் காரம், எனவே இரத்தம் காரமாகிவிட்டது, காரணம் புரியாத ஏதோ ஒரு வளர்சிதைக் கோளாறு என்று மருத்துவர்கள் கருதினார்கள். மயக்கவியல் மருத்துவரான பியோர்ன் இப்சன் மறுத்தார். இவர்கள் மூச்சை வெளியே விட முடியாமல் கார்பன் டை ஆக்சைடைத் தேக்கிவைத்திருக்கிறார்கள், இரத்தம் அமிலமாகியிருக்கிறது என்றார்.

யார் சொல்வது சரி என்பதை எடுத்துக்காட்டு எண்களில் பார்ப்போம். பைகார்பனேட் 36 மில்லிமோலாக ஏறியிருக்கிறது. அதை மட்டும் பார்த்தால் காரம். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 120ஆக ஏறியிருந்தால் கரைந்திருப்பது 3.6 மில்லிமோல். விகிதம் 10. மடக்கை 1. பிஎச் 7.1. ஹைட்ரஜன் அயனி இயல்பைப் போல இரு மடங்கு. மொத்தத்தை அளந்தவர்களுக்குக் காரமாகத் தெரிந்த அதே இரத்தம், அயனியை அளந்தால் உயிருக்கு ஆபத்தான அமிலம். இரண்டு குடுவைகளைப் பற்றிய அந்தப் பழைய தவறு நோயாளியின் படுக்கையருகே வந்து நின்றிருந்தது.

மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் பவுல் ஆஸ்ட்ரப் பிஎச் மீட்டரால் இரத்தத்தை அளந்தபோது இப்சன் சொன்னது உறுதியானது. ஆகஸ்ட் 27 அன்று, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி இப்சன் காற்றூட்டினார். தேங்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது, சிறுமி பிழைத்தாள். அடுத்த மாதங்களில் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பைகளை அமுக்கினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு காற்றூட்டுவது என்று தெரிய, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் அடிக்கடி தெரிந்தாக வேண்டும். அதை நேரடியாக அளக்கும் மின்முனை அப்போது மருத்துவமனைகளில் இல்லை. சில ஆண்டுகளில் ஆஸ்ட்ரப் ஒரு வழி கண்டார். இரத்தத்தின் பிஎச்சை ஓர் அச்சிலும் அழுத்தத்தின் மடக்கையை இன்னோர் அச்சிலும் குறித்தால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நேர்கோடு. கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் போதும். எனவே இரத்த மாதிரியின் ஒரு பகுதியை அழுத்தம் தெரிந்த வளிமக் கலவையோடு சமநிலைப்படுத்திப் பிஎச் பார்ப்பது, இன்னொரு பகுதியை வேறோர் அழுத்தத்தில் அப்படியே செய்வது, கோட்டை வரைவது, நோயாளியின் உடலிலிருந்து வந்தபடியே உள்ள இரத்தத்தின் பிஎச் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்து அழுத்தத்தைப் படித்துக்கொள்வது. மூன்று முறை பிஎச் பார்த்தால் வேலை முடிந்தது.

40 மில்லிமீட்டரில் பிஎச் 7.36, 80 மில்லிமீட்டரில் 7.16 என்று வந்ததாகக் கொள்வோம். நோயாளியின் பிஎச் 7.26, இரண்டுக்கும் சரியாக நடுவில். அழுத்தமும் நடுவில் உள்ள 60 என்று தோன்றும். கோடு மடக்கைத் தாளில் இருப்பதால் 40ஐயும் 80ஐயும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும்: 57. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உள்ள கருவி ஒரு துளி இரத்தத்தில் பிஎச்சையும் அழுத்தத்தையும் தனித்தனி மின்முனைகளால் அளந்துவிடுகிறது. அழுத்தத்தை அளக்கும் அந்த மின்முனைக்குள் இருப்பதும், மெல்லிய சவ்வு போர்த்திய ஒரு பிஎச் மின்முனைதான். அச்சிட்டு வரும் தாளில் மூன்றாவதாகப் பைகார்பனேட் என்று ஓர் எண் இருக்கும். அதைக் கருவி அளப்பதில்லை. ஹாசல்பால்க்கின் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுக் கணக்கிடுகிறது.